கோணல் வரி

அக்டோபர் 3, வெள்ளி

சொத்து வரி கட்டிவிட்டு வந்தேன். வருஷா வருஷம் இவர் செய்கிற வேலை. இந்த முறை, "நீயே போயிட்டு வந்துரு தெய்வானெ, எனக்கு முட்டி வலிக்குது" என்றார். பக்கத்தில் இருக்கிற நகராட்சி அலுவலகத்துக்குப் போக முட்டி வலிக்கிறதாம். பேருந்து நிலையம் தாண்டி இருக்கிற நூலகத்துக்கு நடக்க மட்டும் வலிக்கவில்லையாம்.

இதையெல்லாம் எழுதி வைத்துவிட வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து அதற்காகத்தான் டைரி எழுதுகிறேன். எழுதி வைத்தால்தான், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று பிறகு யாரும் நழுவ முடியாது.

ரசீதில் சொத்து வரிக்குக் கீழே "நூலக வரி" என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தது. கவுண்டரில் இருந்தவரிடம் இது எதற்கு என்றேன். "லைப்ரரிக்குங்க. எல்லாரும் கட்டறதுதான்" என்றார். நான் அந்த லைப்ரரி பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. எனக்கு எதற்கு வரி? வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. உடனே வாசகர் வட்டத் தலைவர் ஆகிவிட்டார். மில்லில் டைம் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு இவருக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

"நம்மகிட்ட வாங்கறாங்கல்ல, அதை நகராட்சி அப்படியே மாவட்ட நூலகத்துக்காரங்களுக்குக் கட்டோணும். புஸ்தகம், பேப்பரு, கட்டடம் எல்லாம் அதுலதான். இவங்க வருஷக்கணக்கா கட்டறதில்ல. அதான் அங்க மழை பேஞ்சா ஒழுகுது."

"அப்ப நான் கட்டுன பணம் எங்க போச்சு?"

"அதத்தான் கேக்கப் போறோம்."

கேட்கப் போகிறாராம். இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் இருந்த சுவரிடம் சொன்னார்.

அக்டோபர் 6, திங்கள்

பின்னால் நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீட்டில் தண்ணி மோட்டாரை யாரோ மதியத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்று வீட்டிலும் கேட்டேன். மூன்று வீட்டிலும் தெரியாது என்றார்கள். மோட்டார் தானாகப் போட்டுக்கொண்டதுபோல.

அக்டோபர் 9, வியாழன்

அண்ணன் போன் செய்தார். "மாப்பிள்ளைக்கு எம்மேல என்ன கோவம்?" என்றார். சந்தைக் கடையில் இவருக்கு நேர் எதிரே நின்று சிரித்தாராம். இவர் ஒரு வார்த்தை பேசாமல் தாண்டிப் போய்விட்டாராம். இவரிடம் கேட்டேன். "உங்கண்ணனா? நான் பாக்கலியே" என்றார்.

அண்ணன் என்ன ஊசியா, கண்ணில் படாமல் போக? போன வருஷம் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் நடந்த பேச்சை இன்னும் மனசில் வைத்திருக்கிறார். இவர் இப்படிப்பட்டவர் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு மாதமாக இவர் கட்டிலில் அதே புத்தகம் கிடக்கிறது. முந்தாநாள் நடுப்பக்கத்தில் என் தலைமுடி ஒன்றை வைத்து மூடினேன். இன்று பார்த்தேன். வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. ஆனால் காலையில் போகிறவர் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் தப்பித்தான் வருகிறார். புத்தகம் படிக்காதவருக்கு நூலகத்தில் என்ன வேலை?

லைன் வீட்டு ஜோதிமணியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அவள் மகள் அங்கே போகிறவள். "புதுசா ஒரம்மா வந்திருக்காங்கொ. கோகிலவாணின்னு பேரு. நெம்ப நல்லவங்களாமா" என்றாள்.

யாரையாவது நெம்ப நல்லவர் என்று சொன்னாலே நான் விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காபியைத் தம்ளரில் ஊற்றச் சொன்னால் பாதியை மேஜையில் ஊற்றினார். கவனம் இங்கே இருந்தால்தானே. "பண்டிகையும் அதுவுமா எங்க நெனப்பு?" என்றேன். சிரித்தார். என்னை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார். முப்பத்தைந்து வருஷத்தில் இந்த ஓரக்கண் இல்லை. நேருக்கு நேர் பார்த்துச் சண்டை போடுகிற மனிதர்தான் இவர்.

சாயங்காலம் அதிரசம் நாலு பொட்டலம் கட்டச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். "நூலகத்தம்மாவுக்கு. ஊருக்குப் போக லீவு கிடைக்கலியாமா." கட்டிக் கொடுத்தேன். உடைந்ததாகப் பார்த்துக் கட்டினேன்.

அக்டோபர் 27, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. இவர் குடை எடுத்துப் போகவில்லை. நனைந்து காய்ச்சல் வந்தால் நான்தானே பார்க்க வேண்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு போனேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

மதியம் நூலகம் மூடுகிற நேரம். கதவு பாதி சாத்தியிருந்தது. வெளியே இவர் செருப்பும் ஒரு லேடீஸ் செருப்பும் மட்டும். ஜன்னலோரமாக நின்றேன். உள்ளே ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். ஒரு பெண் குரல் இழுத்து இழுத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. மழையில் ஒன்றும் காதில் விழவில்லை. பிறகு இவர் குரல் கேட்டது. இவருக்கு எப்போதும் மில் சத்தத்துக்கு மேல் பேசிய தொண்டை.

"வரி எல்லாம் கோணலாப் போகுதுங்கம்மா. நேரா இருக்க வேண்டியது வளைஞ்சு நெளிஞ்சு போகுது. முன்னால தெரியுது, பின்னால தெரியுது. நடுவுலதான் காணாமப் போயிருது."

"ஊட்டுல சொல்லிருங்க சார். இதெல்லாம் மறைக்கற விஷயமுங்களா?"

"வேண்டாமுங். அவளுக்குத் தெரிஞ்சா வம்பு. மனு கொடுத்து முடியட்டும். அது வரைக்கும் நமக்குள்ள இருக்கட்டும்."

வரி கோணலாகப் போகிறது, நடுவில் காணாமல் போகிறது! நடுவில் தின்கிறவர் யார் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் கூடி மறைக்கிறார்கள். மறைப்பதற்கு ஒரு கூலி இல்லாமலா மறைப்பார்கள்? ஊர்ப் பணத்தில் கை வைத்துவிட்டாரா இவர்?

குடையைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். நனைந்துதான் வந்தார். நனையட்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று முழுக்க இவரோடு பேசவில்லை. உதட்டைச் சுழித்தேன், முகத்தைத் தூக்கி வைத்தேன். ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை.

நவம்பர் 3, திங்கள்

நகராட்சிக்குப் போனேன். நான் கட்டிய நூலக வரி எங்கே போகிறது என்று கேட்டேன். கவுண்டரில் கணக்குப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். கணக்குப் பிரிவில் மேனேஜரைப் பார்க்கச் சொன்னார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். கதவு இடுக்கில் பார்த்தேன், மீட்டிங்கில் அவர் மட்டும்தான் இருந்தார், தட்டில் பஜ்ஜியோடு.

கடைசியில் கணக்குப் பிரிவு ஆள் சலித்துக்கொண்டு, "ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரரே போன வாரம் வந்து பேசிட்டுப் போயிட்டாருங்களே" என்றார்.

முட்டி வலிக்கிறவர் போன வாரம் இங்கே வந்திருக்கிறார். வரி கட்ட வர முடியாது, பேசிவிட்டுப் போக மட்டும் முடியும். என்ன பேசினார் என்று கேட்டேன். "அது அலுவலக விஷயமுங்க" என்று அந்த ஆள் ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் கல்யாணப் பேச்சு நடந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. என் அப்பா இவரைப் பார்த்துவிட்டு வந்து, "பையன் வெளுத்தது எல்லாம் பாலுன்னு நம்பறவன். ஆனா கை சுத்தம்" என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கட்டிக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பதினாறாம் தேதி நூலக வார விழாவாம். நகர்மன்றத் தலைவர் வருகிறார். இவர் மேடையில் மனுவை வாசித்துக் கொடுக்கப் போகிறார்.

மனுவின் நகலைச் சட்டைப் பையில் பார்த்தேன். இவர் கையெழுத்து இல்லை. மில்லில் அச்சுப்போல எழுதுகிறவர் என்று பேர் வாங்கிய மனிதர், தன் மனுவை இன்னொருத்தியிடம் எழுதி வாங்கியிருக்கிறார். கூரையை மாற்ற வேண்டும், சரி. புதுப் புத்தகங்கள், சரி. மூன்றாவதாக, "அச்சிட்ட எழுத்தை உரக்க வாசித்துக் காட்டும் கருவி ஒன்று" என்று இருந்தது. இந்த ஊரில் யாருக்கு அது? கண் தெரியாதவர் யாரும் அந்த நூலகத்துக்குப் போய் நான் கேள்விப்பட்டதில்லை. கருவி என்று வந்துவிட்டால் கமிஷன் வந்துவிடும். இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இந்த மிஷின் எதுக்குங்?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "யாருக்காவது ஒதவும்" என்றார். பிறகு, "வரி வரலைன்னா கோகிலவாணி அம்மாவை வாரத்துல மூணு நாள் வேற நூலகத்துக்கு மாத்திருவாங்களாம். அப்பறம் இங்க பாதி நாள் பூட்டுத்தான்" என்றார்.

குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மா மூன்று நாள் வராததற்கு இவருக்குக் குரல் உடைகிறது. நான் மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்தபோது "சாப்புட்டியா" என்று ஒரு போன் வந்ததில்லை.

நவம்பர் 13, வியாழன்

இவர் குளியலறையில் சத்தமாகப் பேசுகிறார். "மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே" என்று நாலு தடவை கேட்டது. எழுதி வைத்ததை வாசிக்கப் போகிறவருக்கு மனப்பாடம் எதற்கு?

நவம்பர் 16, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் இவர் குளிக்கப் போனதும் ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையிலிருந்து மனுவை எடுத்தேன். அதில் புதிதாக ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான். படித்துக்கொண்டிருக்கும்போதே தாழ்ப்பாள் சத்தம். மனுவை என் பர்ஸுக்குள் திணித்தேன். பை காலியாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவாரே என்று, லைன் வீட்டுச் சுவரில் ஒட்டுவதற்கு நான் எழுதி வைத்திருந்த நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அப்புறம் மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அண்ணன் காரோடு வந்துவிட்டார். மாற்ற முடியவில்லை.

நூலகத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் முன்வரிசை கிடைத்தது. கோகிலவாணியை அப்போதுதான் முகம் பார்த்தேன். நாற்பது வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடி, வெளுத்த பருத்திப் புடவை, ஒரு நகை இல்லை. நகர்மன்றத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அவர் இவருக்குப் போர்த்தினார். எனக்கு எதுவும் ஏறவில்லை. இவர் பையில் கை விட்டு நோட்டீஸை எடுத்து ஊர் முன்னால் விழிக்கப் போகிறார், என்னைத்தான் தேடப் போகிறார் என்று அந்தச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைக் முன்னால் போனார். காகிதத்தை எடுத்தார். பிரித்தார். முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே. இந்த ஊர் மக்கள் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். சோற்றுக்கு வரி கட்டுவதுபோல அறிவுக்கும் வரி கட்டுகிற மக்கள் இவர்கள். அந்த வரி நூலகத்துக்கு வந்து சேரவில்லை..."

தடங்கலில்லாமல் வாசித்தார். நடுவில் ஒரு தடவை காகிதத்தை இறக்கி ஏற்றினார், வரி மாறுவதுபோல. நான் முன்வரிசையில் இருந்தேன். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியது வெயிலில் பின்பக்கமாகத் தெரிந்தது. "மோட்டாரைத் தொடக் கூடாது. மீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இப்படிக்கு வீட்டு உரிமையாளர்." அதைப் பிடித்துக்கொண்டுதான் கூரையைப் பற்றியும் புத்தகங்களைப் பற்றியும் வாசித்தார். "முதுமையில் கண்ணொளி குறைந்தவர்களும் வாசிப்பை இழக்காதிருக்க ஒரு கருவி" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். என் கை எழவில்லை. அண்ணனைத் தெரியாமல் போனது, காபி கொட்டியது, ஓரக்கண்ணால் பார்த்தது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் மேல் விழுந்தது. வரி கோணலாகப் போகிறது என்றாரே. எழுத்து வரி! புத்தகத்தில் இருக்கிற வரி! நகராட்சி வரி இல்லை. இவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, நான் கமிஷன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இவர் அந்த நோட்டீஸை மடித்துத் தலைவரிடம் நீட்டப் போனார். எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. "ஏனுங், அது உங்க நகலு. கையெழுத்துப் போட்ட மனு இங்கல்ல இருக்குது" என்று பர்ஸிலிருந்து எடுத்துத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, நோட்டீஸைப் பிடுங்கிக்கொண்டேன். தலைவர், "பரவால்லியே, வாசகர் வட்டத்துல ஊட்டம்மாவும் உண்டுங்களா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கோகிலவாணி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"எப்ப இருந்து?"

பொன்னாடையை மடித்து வைத்தார். "ஆடி மாசத்துல இருந்து. மொதல்ல வலது கண்ணு. இப்ப ரெண்டும். ஓரமா எல்லாந் தெரியுது. எதைப் பாக்கறனோ அது மட்டும் தெரியறதில்ல."

"அந்தம்மாகிட்டச் சொல்லத் தெரியுது. என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"அவங்களே கண்டுபுடிச்சாங்க. பேப்பரைத் தலைகீழாப் புடிச்சிருந்தனாம். அதுல இருந்து மத்தியானத்துல அவங்கதான் படிச்சுக் காட்டறாங்க."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

அதற்கு இவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "சொன்னா நீ நம்ப மாட்டே தெய்வானெ. வேலைக்குக் கள்ளம் போடறேன்னு சொல்லுவே. வெரல நீட்டி இது எத்தனைன்னு சோதிச்சுப் பாப்பே. கண்ணு போறதக்கூடத் தாங்கிக்குவேன். அத நிரூபிச்சுக் காட்டிட்டு நிக்க என்னால ஆகாது."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அப்படித்தான் செய்திருப்பேன்.

நவம்பர் 17, திங்கள்

நோட்டீஸைக் கிழித்து அடுப்பில் போட்டேன். யாரும் எப்போது வேண்டுமானாலும் மோட்டார் போட்டுக்கொள்ளட்டும்.

நவம்பர் 20, வியாழன்

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி. கோகிலவாணி லீவு போட்டுக் கூட வந்தார். நான் கேட்கவில்லை, வரச் சொல்லவும் இல்லை. பஸ்ஸில் இவருக்கு ஜன்னல் சீட் விட்டு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வந்தார். இறங்கும்போது, "அதிரசம் நல்லா இருந்துச்சுங்கம்மா" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

விழித்திரையில் நீர் கசிகிறதாம். வயசில் வருவதாம். கட்டம் போட்ட ஒரு தாளை டாக்டர் காட்டி, கோடுகள் எப்படித் தெரிகின்றன என்றார். "நெளியுதுங்க" என்றார் இவர். நானும் பார்த்தேன். எனக்கு எல்லாம் நேராக இருந்தது.

"வலது கண்ணுல நடுப்பார்வை திரும்பாதுங்கம்மா. இடது கண்ணை மாசாமாசம் ஊசி போட்டு நிறுத்திப் பாக்கலாம். ஐப்பசிக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சம் பண்ணிருக்கலாம்."

இவர் முந்திக்கொண்டு, "நான்தாங்க சொல்லல. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த டைரியில் எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறது. இவர் என்னைக் காப்பாற்றிப் பேசினார் என்பதுதான் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கழிவறையில் போய் அழுதேன்.

டிசம்பர் 1, திங்கள்

காலையில் பேப்பரை நான்தான் வாசிக்கிறேன். பாலம் கட்டுகிறார்கள் என்று வந்தால் கான்ட்ராக்ட் யாருடையதாக இருக்கும் என்று வாய் போகிறது. "நியூஸ மட்டும் படி, உன் சந்தேகத்தைச் சாயங்காலம் படி" என்கிறார். சிரிக்கிறார். இரண்டாவது ஊசி பதினெட்டாம் தேதி.

டிசம்பர் 4, வியாழன்

மதியம் தபால் வந்தது. நகராட்சி முத்திரை. வாசகர் வட்டத் தலைவருக்கு.

இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார். சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார், யாரோ ஆள் வந்திருப்பதுபோல. "படி" என்றார்.

ஒரே பத்திதான். நகராட்சியின் தற்போதைய நிதி நிலைமையில் நூலக வரி நிலுவையைச் செலுத்த இயலாது. கருவி கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல. நூலகர் பற்றாக்குறை காரணமாக நூலகம் ஜனவரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் இயங்குவது குறித்து மாவட்ட நூலகத்தினர் முடிவு செய்வர்.

வாயைத் திறந்தேன். இவர் முகத்தைச் சாய்த்து, ஓரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் பொட்டலத்துக்காக நிற்கிற குழந்தைகள் அப்படித்தான் பார்க்கும்.

"தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது" என்று வாசித்தேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது. "நிலுவையில் உள்ள நூலக வரி இம்மாத இறுதிக்குள் செலுத்தப்படும். கூரை பழுது பார்க்கப்படும். கோரிய கருவியை வாங்க நகர்மன்றம் பரிந்துரைக்கிறது. நூலகரை மாற்றும் உத்தேசம் இல்லை."

இவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பிறகு, "பாத்தியா, கேட்டாக் கொடுப்பாங்க. நீதான் எல்லாத்தையும் சந்தேகப்படுவே" என்றார்.

காகிதத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. இன்னொரு தடவை வாசி என்றும் கேட்கவில்லை. என் குரல் எனக்கே பொய்யாகத்தான் கேட்டது. நானாக இருந்தால் கடிதத்தைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருப்பேன். இவர் படுத்துத் தூங்கிவிட்டார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அந்த அலுவலகம் திறக்கும்போது நான் வாசலில் இருப்பேன். கவுண்டர், கணக்குப் பிரிவு, பஜ்ஜி தின்கிற மேனேஜர், ஆணையர், தலைவர், ஒருவரையும் விடப் போவதில்லை. இந்த ஊரில் யார் எதை மறைக்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. மாத இறுதிக்குள் நான் வாசித்ததுபோலவே ஒரு கடிதத்தை அவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும். இவர் நம்பிவிட்டார்.